நல்ல புகைப்படக்காரர் ஆக என்ன குணம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் முதலில் லென்ஸைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆறு மாதம் போனதும் கேள்வி மாறிவிடும். "கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, படம்தான் சரியாக வர மாட்டேன் என்கிறது. எனக்கு இது வருமா, வராதா?" வகுப்பெடுத்த வருடங்களில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த இந்த மாதிரிக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் நிறைய உண்டு. ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

போட்டோகிராபருக்கு ஒரு 'கண்' வேண்டும் என்கிறார்களே, அது பிறவியிலேயே வருவதா?

எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'கண்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழக்கம். ஒரு அறைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பது, எதிரில் இருப்பவரின் மூக்கு நிழல் கன்னத்தில் எங்கே விழுகிறது என்று கவனிப்பது, அவர் தலைக்குப் பின்னால் ஒரு கம்பம் முளைத்த மாதிரி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது, இதெல்லாம் செய்யச் செய்ய வருகிற விஷயங்கள். முதல் மாதம் வலிந்து செய்வீர்கள். அடுத்த வருடம் தானாக நடக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் "உனக்கு நல்ல கண்ணுப்பா" என்பார்.

சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு நாளாகும். அந்த வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஸ்லோவேனியாவைச் சேர்ந்த எவ்கன் பவ்சாரை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. பதின்ம வயதில் கேமராவைக் கையில் எடுத்தவர், பிறகு பல நாடுகளில் கண்காட்சி வைக்கும் அளவுக்கு வளர்ந்தார். கண்ணே இல்லாதவர் படம் எடுத்துவிட்டார் என்று ஆச்சரியப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு படத்தை ஷட்டர் அழுத்துவதற்கு முன்பே மனதில் கட்டி முடிப்பது தனி வேலை என்பது அவர் விஷயத்தில் பளிச்சென்று தெரிகிறது. அந்த வேலையைப் பார்வை உள்ள நாம்தான் பல நேரம் செய்வதில்லை.

ஒரே ஒரு குணம் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

இடத்தை விட்டுக் கிளம்பாமல் இருப்பது.

பொறுமை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது அதைவிடச் சின்ன, கையில் பிடிக்கக்கூடிய விஷயம். ஒரு நல்ல காட்சி கண்ணில் பட்டதும் ஐந்தாறு படம் எடுப்போம், திரையில் ஒருமுறை பார்ப்போம், "கிடைத்துவிட்டது" என்று நகர்ந்துவிடுவோம். அந்த ஐந்தாறு படமும் அந்த இடத்துக்கு வந்த யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய படங்கள். நம் படம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

ஒருமுறை ஒரு தச்சர் பட்டறையில் படம் எடுக்கப் போயிருந்தேன். வயதானவர், நல்ல முகம், ஆழமான சுருக்கங்கள், பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவர் முகத்தையே நாற்பது படம் எடுத்தேன். எல்லாமே எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்தலாம் என்று கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். இழைப்புளியை நாலு தள்ளு தள்ளியதும் நிறுத்துவார். பலகையின் மேல் குனிந்து லேசாக ஊதுவார். சுருள் சுருளாகக் கிடக்கும் சீவல் ஒன்று எழும்பி ஜன்னல் வெளிச்சத்துக்குள் போய் விழும். உடனே இடது கையின் கட்டைவிரலால் பலகையைத் தடவிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு. ஒவ்வொரு முறையும் அதே வரிசை. அடுத்த தடவை அவர் நிறுத்தும்போது நான் தயாராக இருந்தேன். அன்றைக்கு எடுத்ததில் இன்றுவரை நான் வைத்திருப்பது அந்தக் கட்டைவிரல் படம் ஒன்றைத்தான். முகம் அதில் பாதிதான் தெரியும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் ஒரு குடைமிளகாயை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். அந்தத் தொடரில் மட்டும் முப்பது நெகட்டிவாவது எடுத்திருக்கிறார். கடைசியில் அதை ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்துப் பார்த்தார். புனலின் உட்பக்கம் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடித்து, மிளகாயின் வளைவுகளை மனித உடம்பு மாதிரி எழுப்பிக் காட்டியது. 'பெப்பர் எண் 30' என்று இன்றைக்கும் பேசப்படுகிற படம் அதுதான். இரண்டு படத்தோடு கிளம்பியிருந்தால் அது வெறும் காய்கறிப் படம்.

ஆனால் காத்திருந்தால் அந்த நொடி போய்விடுமே? வேகம்தானே முக்கியம்?

இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. வேகம் என்பது முன்பே பொறுமையாகப் பழகியதன் பலன்.

இயற்கைக் காட்சிப் படங்களுக்குப் பேர்போன ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிறு கிராமத்துக்கு மேலே நிலவு எழும்பியிருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயில் மின்னியது. வண்டியை நிறுத்தி, பெரிய கேமராவை அவசர அவசரமாக மாட்டிவிட்டுத் தேடினால், வெளிச்ச மீட்டரைக் காணவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்ற எண் அவருக்கு மனப்பாடம். அதை வைத்து மனக்கணக்குப் போட்டு எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்பதை, முடிவு செய்து அழுத்தினார். இன்னொன்று எடுத்து வைக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. இருப்பது அந்த ஒரு நெகட்டிவ் மட்டும்.

பார்க்கிறவர்கள் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். அந்த எண்ணைத் தெரிந்து வைத்திருந்தது அதிர்ஷ்டமா என்ன?

எனக்குக் கூச்ச சுபாவம். மனிதர்களைப் படம் எடுக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வகுப்பே கிடையாது. கேட்பவர்களும் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தனியாக வந்துதான் கேட்பார்கள்.

முடியும். கூச்சப்படுபவர்களிடம் ஒரு பலமும் இருக்கிறது. தங்களை யார் கவனிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எப்போதும் தெரியும். அதனால் எதிரில் இருப்பவருக்கு எப்போது சங்கடமாகிறது என்பதையும் முதலில் உணர்வது அவர்கள்தான். கலகலப்பானவர்கள் இதைத் தவறவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விவியன் மையர் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். தன்னைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசாதவர். அவருடைய ரோலிஃபிளெக்ஸ் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் கேமராவைத் தூக்கி ஒருவரை நோக்கி நீட்டுகிற காரியமே அதில் இல்லை. கீழிருந்து மேலே பார்ப்பதால் படத்தில் இருப்பவருக்கு ஒரு கம்பீரமும் வந்துவிடும். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்தார், அநேகமாக யாருக்கும் காட்டவில்லை. 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் அவை வெளியே தெரிய ஆரம்பித்தன. 2009-ல் அவர் இறந்துவிட்டார்.

ஆக, கூச்சத்தை விரட்டுவது அவசியமில்லை, அதோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டால் போதும். திரும்பும் திரை உள்ள கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்துப் பாருங்கள். தெருப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர் ஹென்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைகா கேமராவின் பளபளப்பான பகுதிகளைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்து வைத்திருந்தார், கண்ணில் படக் கூடாது என்று. அவ்வளவு பெரிய மனிதரே ஒளிந்துகொண்டுதான் எடுத்திருக்கிறார், நமக்கென்ன வெட்கம்?

சரி, முன்பின் தெரியாதவரிடம் போய் எப்படித்தான் கேட்பது?

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேசப் போகாதீர்கள். பேசி முடித்ததும் அதை வெளியே எடுத்தால் ஏமாற்றியதுபோல ஆகிவிடும். கழுத்தில் தொங்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். ஏன் எடுக்க நினைக்கிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில், உண்மையாகச் சொல்லுங்கள். "நீங்கள் அந்தக் கயிற்றைச் சுற்றுகிற விதம் பிடித்திருந்தது, ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று குறிப்பாகக் கேட்டால் பத்தில் ஏழெட்டுப் பேர் சரி என்பார்கள். இது என் அனுபவக் கணக்கு. வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மன்றாட வேண்டாம். குழந்தைகள் என்றால் முதலில் பெற்றோரிடம், அப்புறம் குழந்தையிடமும்.

துணிச்சல் எவ்வளவு வேண்டும்?

சாகசம் செய்கிற துணிச்சல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் போர்க்களத்துக்கெல்லாம் போனவன் இல்லை. அன்றாட வேலையில் தேவைப்படுவது வேறு மாதிரியான துணிச்சல்: ஒரு பெரிய மனிதரிடம் "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று சொல்கிற துணிச்சல்.

1941 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் யூசுஃப் கார்ஷ் என்ற புகைப்படக்காரருக்கு பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலை எடுக்கச் சில நிமிடங்களே கிடைத்தன. படம் எடுக்கப் போகிறார்கள் என்று சர்ச்சிலிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அதில் அவருக்கு எரிச்சல். வாயில் சுருட்டு. கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டினார், அவர் போடவில்லை. கார்ஷ் கேமராவிடம் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மன்னிப்புக் கேட்டபடியே அவர் வாயிலிருந்த சுருட்டை உருவிவிட்டார். சர்ச்சில் கடித்துத் தின்றுவிடுவதுபோல முறைத்தார். அந்த முறைப்புதான் படம்.

இதைப் படித்துவிட்டு யார் வாயிலிருந்தும் எதையும் உருவாதீர்கள். முதலில் கிண்ணத்தை நீட்டியதையும், உருவுவதற்கு முன் கேமராவைத் தயார் செய்து வைத்ததையும் கவனியுங்கள்.

எனக்குக் கணக்கும் இயந்திரமும் ஒத்துவராது. பரவாயில்லையா?

இரண்டால் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடியிலிருந்து 1/125 நொடிக்கு மாற்றினால் வெளிச்சம் இரட்டிப்பு. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப்/8-லிருந்து எஃப்/5.6-க்குத் திறந்தாலும் இரட்டிப்பு. வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை 100-லிருந்து 200 ஆக்கினால் படம் அதே அளவு பிரகாசமாகும். ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறைக்கலாம். மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்.

உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது கணக்கு இல்லை, அசட்டை. ஒரு தடவை இரவு நிகழ்ச்சி ஒன்றில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்துவிட்டு அப்படியே தூங்கப் போய்விட்டேன். மறுநாள் காலை பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி, நல்ல வெயில். கேமரா தன் பாட்டுக்கு ஷட்டர் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய் எப்படியோ சமாளித்திருக்கிறது. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வீட்டில் பெரிய திரையில் திறந்தால் ஓட்டப்பந்தயம் முழுக்க மணல் தூவியது போல இருந்தது. அன்றிலிருந்து கேமராவைக் கையில் எடுத்ததும் ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ், ஃபைல் வகை, பேட்டரி என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ஓவியங்களைப் பார்க்கத் தெரிந்தால் நல்லது. அதிலும் முகத்தில் வெளிச்சம் விழுவதை ரெம்பிராண்ட் எப்படி வைத்திருக்கிறார் என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். நிழல் பக்கத்துக் கன்னத்தில் ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் வருமே, ஸ்டுடியோக்காரர்கள் அதை அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனிமேல் ஆரம்பிக்கலாமா?

ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு மகளும் மருமகனும் 1863-ல் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தபோது அவருக்கு 48 வயது. இப்போதுபோல அழுத்தினால் படம் விழுகிற காலமில்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். கையெல்லாம் கறை. ஃபோகஸ் சரியில்லை என்று அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் கேலி பேசினார்கள். அவர் அந்த மங்கலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். இன்று கேலி பேசியவர்கள் பெயர் யாருக்குத் தெரிகிறது?

செபஸ்தியாவோ சல்காடோ பொருளாதாரம் படித்தவர், காபி தொடர்பான சர்வதேச அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தவர். 1973-ல், முப்பதை நெருங்கும்போதுதான், அதை விட்டுவிட்டு முழுநேரம் கேமராவுக்கு வந்தார். வேறு ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு வருபவர்களிடம் எடுப்பதற்கு விஷயம் இருக்கும். இருபது வயதுக்காரர்கள் பலர் கேமராவோடு வந்து எதை எடுப்பது என்று முழிப்பதைப் பார்க்கிறேன்.

என் படங்களை யாராவது குறை சொன்னால் தாங்க முடியவில்லை. இது மாறுமா?

முழுக்க மாறாது. எனக்கே மாறவில்லை. ஆனால் அடுத்தவர் குறை சொல்வதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் எடுத்த படத்தை நம்மாலேயே சரியாகப் பார்க்க முடியாது. மலையேறி எடுத்திருந்தால் அந்த ஏற்றம் முழுவதும் படத்துக்குள் இருப்பதாக நமக்குத் தோன்றும். பார்க்கிறவருக்கு மூச்சு வாங்காது. அவருக்குத் தெரிவது ஒரு மங்கலான மலை.

கேரி வினோகிராண்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தான் எடுத்த ஃபிலிமை உடனே கழுவ மாட்டார். ஒரு வருடம், அதற்கு மேலும்கூட கிடப்பில் போட்டுவிடுவார். எடுத்த நாளின் சந்தோஷம் மறந்துபோன பிறகு பார்த்தால்தான் படம் படமாகத் தெரியும் என்பது அவர் கணக்கு. 1984-ல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல் கழுவாமலே கிடந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு வாரம் போதும். எடுத்த அன்று இரவே தேர்வு செய்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம் கழிப்பது. ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரர் 1955-லிருந்து 1957 வரை அமெரிக்காவைச் சுற்றி 27,000-க்கு மேல் எடுத்தார். அவருடைய புத்தகத்தில் இருப்பவை 83. முந்நூறுக்கு ஒன்றுகூட இல்லை. நம் ஆட்கள் ஒரு சாயங்காலம் எடுத்த அறுபதையும் அப்படியே ஏற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்கிறார்கள். ஒரே மாதிரி நாலு படம் இருந்தால் எது நல்லது என்று முடிவு செய்ய முடியாமல் நாலையும் வைப்பது பெருந்தன்மை கிடையாது, சோம்பேறித்தனம். முடிவெடுக்கும் வேலையைப் பார்க்கிறவர் தலையில் கட்டுகிறோம்.

விமர்சனத்துக்கு வருகிறேன். "நன்றாக இருக்கிறது" என்பதும் "நன்றாக இல்லை" என்பதும் பயன்படாத பதில்கள். "உங்கள் கண் முதலில் எங்கே போனது, அப்புறம் எங்கே போனது?" என்று கேளுங்கள். படத்தின் மூலையில் இருந்த சிவப்பு வாளிக்குப் போனது என்பார்கள். அந்த வாளியை நீங்கள் அதுவரை பார்த்திருக்கவே மாட்டீர்கள். இப்படிக் கேட்டால் மனமும் அவ்வளவாகப் புண்படாது.

இரக்கம் உள்ளவர்தான் நல்ல புகைப்படக்காரர் ஆக முடியுமா?

மனிதர்களை எடுப்பவருக்கு அது வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இனிப்பாகப் பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1936 மார்ச். டோரத்தியா லாங்கே என்ற புகைப்படக்காரர் ஒரு மாத அலைச்சலை முடித்துக்கொண்டு கலிஃபோர்னியாவில் மழைக்குள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அரசுத் துறைக்காக, பிழைப்பில்லாமல் இடம்பெயர்ந்த விவசாயக் கூலிகளைப் படமெடுக்கிற வேலை. பட்டாணி பறிப்பவர்களின் முகாம் என்று ஒரு பலகை கண்ணில் பட்டது. நிற்காமல் தாண்டிவிட்டார். கையில்தான் வேண்டிய படம் இருக்கிறதே, களைப்பு வேறு. இருபது மைல் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். நிபோமோ முகாமில் கிழிந்த கூடாரத்துக்குள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயைச் சில படங்கள், கிட்டே போகப் போக, எடுத்தார். பத்தே நிமிட வேலை. 'மைக்ரண்ட் மதர்' என்று உலகத்துக்கே தெரிந்த படம் அது. அதை வைத்துச் செய்தி வெளியானதும் அந்த முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது.

இது வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். மிச்சக் கதையும் உண்டு. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் 1978-ல்தான் வெளியே வந்தது. அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

இருபது மைல் திரும்பிப் போனதும் அதே ஆள்தான், பெயர் கேட்காமல் வந்ததும் அதே ஆள்தான். நான் மாணவர்களிடம் சொல்வது ஒன்றுதான். பெயரைக் கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

எடிட்டிங் செய்வது நேர்மையா?

எதை எடுத்தீர்கள் என்று சொல்கிறீர்களோ அதைப் பொறுத்தது. விளம்பரப் படத்தில் வானத்தையே மாற்றினாலும் யாரும் ஏமாறவில்லை. செய்தி, ஆவணம் என்றால் பொருள்களை நகர்த்தக் கூடாது. நேஷனல் ஜியாகிராஃபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டையில், நெட்டையான பக்கத்துக்குள் அடக்குவதற்காக கீஸாவின் பிரமிடுகளைக் கணினியில் ஒன்றையொன்று நெருங்க வைத்தார்கள். நாற்பது வருடம் ஆகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. எனக்கு நானே வைத்துக்கொண்ட சோதனை: இந்தப் படத்தில் என்னென்ன செய்தேன் என்று படத்தில் இருப்பவரிடமே சொல்லக் கூச்சமாக இருக்குமா?

உடல் பலம் வேண்டுமா?

முழங்கால் வேண்டும். பாதிப் படங்கள் குனிந்து, மண்டியிட்டு எடுப்பவை. நல்ல செருப்போ ஷூவோ வாங்குங்கள். பையில் எல்லா லென்ஸையும் சுமந்துகொண்டு திரிந்தால் மூன்று மணி நேரத்தில் தோள்பட்டைதான் பேசும், கண் வேலை செய்யாது.

இதையே தொழிலாகச் செய்ய வேறு என்ன குணங்கள் வேண்டும்?

இங்கேதான் பல திறமைசாலிகள் வழுக்கி விழுகிறார்கள். படம் எடுப்பது தொழிலில் ஒரு பகுதி மட்டும். மற்றதெல்லாம் நேரத்துக்குப் போவது, சொன்ன தேதியில் கொடுப்பது, போனை எடுப்பது, எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே வாய் திறந்து சொல்வது. "பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கொடுத்ததைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு நான் அனுதாபப்பட மாட்டேன்.

படங்களைப் பத்திரப்படுத்துவதில் கொஞ்சம் பயந்தாங்கொள்ளியாகவே இருக்க வேண்டும். வசதி இருந்தால் கேமராவிலேயே இரண்டு கார்டில் பதிவாகட்டும். வீடு வந்ததும் இரண்டு தனித்தனி டிஸ்க்கில் நகல், மூன்றாவது நகல் வேறொரு இடத்தில். இரண்டு நகலையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் கார்டை அழிப்பது. பிறந்த குழந்தையின் முதல் சிரிப்பை மறுபடி ஒருமுறை சிரிக்கச் சொல்ல முடியாது.

இன்னொன்று, பதற்றத்தை முகத்தில் காட்டாமல் இருப்பது. ஃபிளாஷ் வேலை செய்யவில்லை என்று நீங்கள் முணுமுணுத்தால் எதிரில் இருப்பவர் முகம் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இறுகிவிடும். "இந்த ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இங்கே வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே நகரப் பழகுங்கள். பல தடவை அந்த ஜன்னல் வெளிச்சம் நிஜமாகவே நன்றாக இருக்கும்.

எல்லோர் கையிலும் மொபைல். ஏஐ வேறு வந்துவிட்டது. இந்தக் குணங்களுக்கெல்லாம் இன்னும் என்ன வேலை?

2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற போரிஸ் எல்டாக்சன், அது ஏஐ கொண்டு உருவாக்கிய படம் என்று சொல்லி விருதை மறுத்துவிட்டார். பார்வைக்கு நன்றாக இருப்பது மட்டும்தான் அளவுகோல் என்றால் ஆட்டம் முடிந்தது என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஒருவர் நின்றிருந்தார் என்பதை எந்த மென்பொருளும் உண்டாக்கித் தர முடியாது. ஆகவே நான் மேலே சொன்ன 'கிளம்பாமல் இருப்பது' இப்போது கூடுதலாகத்தான் தேவைப்படுகிறது. மொபைலைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதுவும் கேமராதான்.

இந்தக் குணங்களைப் பழக ஏதாவது பயிற்சி உண்டா?

என் வகுப்பில் எல்லோரும் திட்டிக்கொண்டே செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஃபிலிம் ரோலில் 36 படம் இருக்கும். அதே கணக்கு. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு படிக்கட்டு, ஒரு தெரு முனை, எதுவானாலும். ஒரே லென்ஸ், ஜூம் கிடையாது. கேமராவின் திரை மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், 36 படம்தான் எடுக்க வேண்டும், எடுத்ததைப் பார்க்கக் கூடாது.

முதல் இருபது நிமிடத்தில் பாதிப் படம் தீர்ந்துவிடும். அப்புறம் சலிப்பு வரும். நிஜமான சலிப்பு, வீட்டுக்குப் போகலாம் என்று கால் தானாக நகரும். அதைத் தாண்டி உட்கார்ந்திருந்தால் நாற்பதாவது, ஐம்பதாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று மாறும். படிக்கட்டில் ஏறுபவர்கள் எல்லோரும் ஒரே படியில் கொஞ்சம் தடுமாறுகிறார்கள் என்று கண்ணுக்குப் படும். வெயில் நகர்ந்து கைப்பிடிக் கம்பியின் நிழல் எப்போது எந்தப் படியைத் தொடும் என்று உங்களால் சொல்ல முடியும். அடுத்து வருபவர் தடுமாறுவதற்கு முன்பே விரல் ஷட்டரில் இருக்கும். அன்றைக்கு நல்ல படம் வந்ததா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு மாணவி 36-க்கு 11 படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, "மிச்சம் எடுக்கத் தோன்றவில்லை சார்" என்றாள். அந்தத் தொகுதியிலேயே தேறியவள் அவள்தான்.

படம் எடுக்கப்பட்டவர்களுக்குப் படத்தைக் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்னால் கட்டாயம் அனுப்புங்கள். முடிந்தால் பிரிண்ட் போட்டு நேரில் போய்க் கொடுங்கள்.

அந்தத் தச்சருக்குக் கட்டைவிரல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சந்தோஷப்படுவார், வெளிச்சத்தைப் பற்றி, கையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் படத்தில் பலகையின் ஓரத்தில் கிடந்த சீவலை விரலால் தொட்டு, "உளி அன்னிக்குக் கொஞ்சம் கூடுதலா இறங்கியிருக்கு தம்பி. சீவல் இவ்வளவு தடிமனா வரக் கூடாது" என்றார்.

நானும் அந்தப் படத்தை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.